காலை இருமல்

அர்ஜுனன் வீட்டில் காலையில் ஸ்டவ் பற்றவைப்பது அர்ஜுனனின் வேலை. மனைவி சந்திரம்மாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள், அவர் அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பித்தளை ஸ்டவ்வை முன்னால் இழுத்து வைத்துக்கொள்வார். ஸ்டவ் முள்ளை எடுத்து பர்னரின் கண்ணைக் குத்துவார். பர்னருக்கு அடியில் இருக்கிற கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்துவார். பர்னர் சூடேறும்வரை பம்ப்பைத் தொடமாட்டார். அவசரப்பட்டு அடித்தால் மஞ்சளாகக் கொழுந்துவிட்டுச் சுவரெல்லாம் கரியாக்கிவிடும். பொறுத்து அடித்தால் முதலில் இரண்டு மூன்று தடவை பொருமும், தும்மும்; அப்புறம் நீலமாகப் பிடித்துக்கொண்டு சீராக இரையத் தொடங்கும். தை மாசத்துப் பனியில் தும்மல் சற்று ஜாஸ்தி.

மற்ற வீடுகளில் ஸ்டவ் அடைத்துக்கொண்டால்தான் முள்ளைத் தேடுவார்கள். அர்ஜுனன் அடைக்காதபோதே குத்துவார். வெள்ளிக்கு வெள்ளி பர்னரைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வாஷருக்கு எண்ணெய் தடவி மாட்டுவார்.

"நல்லாத்தான எரியுது. அதப் போட்டு ஏன் நோண்டுறீங்க?" என்பாள் சந்திரம்மாள்.

"நல்லா எரியறப்பவே பாத்துடணும்."

"எனக்குத் தலவலின்னா மட்டும் படுத்துத் தூங்கு, சரியாப்பூடும்ங்கறீங்க. நானும் பித்தளையாப் பொறந்திருக்கலாம்."

கல்யாணமான புதிதில் அவர் இப்படி இல்லை. ஸ்டவ் பக்கமே வந்தவரில்லை. இந்த வழக்கம் தொற்றிக்கொண்டு எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எதனால் என்று சந்திரம்மாள் கேட்டதில்லை. புருஷன் அடுப்படியில் ஒத்தாசை செய்தால் காரணம் கேட்கிற பெண்பிள்ளை அந்தத் தெருவில் யாருமில்லை.

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஓர் ஆயில் எஞ்சின் பட்டறையில் அவருக்கு வேலை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். எதைக் கொண்டுவந்தாலும் அவருடைய முதல் கேள்வி, கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்பதுதான்.

"ஓடிகினுதானங்க இருந்துச்சு, எதுக்கு மாத்தறது?" என்பார்கள்.

"ஓடறப்போ மாத்தாத, நின்னப்புறம் வந்து மாலை போடு."

பட்டறையிலும் கடைத்தெருவிலும் அவருக்கு ஏரோப்ளேன்காரர் என்று பெயர். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் கண்டக்டர் காசி, பட்டறை வாசலில் டீ குடிக்க இறங்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை சீண்டாமல் போகமாட்டான்.

"ஏரோப்ளேன்காரரே, எங்க பஸ்ஸுக்கும் ஆயில் மாத்தணுமான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"உங்க பஸ்ஸுக்கு ஆயில மாத்திப் பிரயோஜனம் இல்ல. ஆயில அப்படியே வெச்சுக்கினு பஸ்ஸ மாத்தணும்."

அந்தக் காசியிடம்தான் அர்ஜுனன் வருஷா வருஷம் தங்கைக்குப் பொங்கல் சீர் கொடுத்தனுப்புவார். கரும்பு, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு புடவை. பிற்பகல் பஸ்ஸில் அது அப்படியே திரும்பி வரும். காசி பையைப் பட்டறைத் திண்டில் வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் சீண்டாமல் டீயைக் குடித்துவிட்டுப் போவான். இந்த வருஷம் பை திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அர்ஜுனன் காசியிடம் ஏன் என்று கேட்கவுமில்லை. கேட்டால் வந்துவிடுமோ என்று ஒரு பயம்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். காசி படிக்கட்டிலிருந்து இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தான். "ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட இருங்க. தங்கச்சி வருது. ரேணுவுக்குக் கல்யாணமாம். மொதப் பத்திரிக மாமனுக்குத்தானாம்."

அர்ஜுனன் கையிலிருந்த ஸ்பானரை வேஷ்டியில் துடைத்தார். துடைத்த பிறகுதான் அது வெளுத்த வேஷ்டி என்று தெரிந்தது.

"மாப்ள வராரா?"

"தங்கச்சி ஊட்டுக்காரரு பெங்களூர்ல இல்ல? கல்யாணத்துக்குத்தான் லீவு குடுப்பாங்களாம். அவரே சொல்லித்தான் இது வருதாம். இன்னும் என்னாத்துக்கு நிக்கிறீங்க, போயி டீ சொல்லுங்க."

தங்கை உண்ணாமலைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் எட்டு வருஷத்துக்கு மேலாகிறது. இடையில் கார்த்திகை தீபத்துக் கூட்டத்தில் ஒருமுறை கண்ணில் பட்டாள். "நல்லா இருக்கியாண்ணா" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவள் மகள் ரேணுகாம்பாள் பெரியவளானபோது தாய்மாமன் கட்ட வேண்டிய பச்சை ஓலைக் குடிசையை யாரோ ஒன்றுவிட்ட சொந்தத்தில் ஒருத்தர் கட்டினார். அந்தச் செய்தியையும் காசிதான் கொண்டுவந்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தாலும் அர்ஜுனன் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து ஸ்டவ்வைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது மணவறைக்கு மாமனாகக் கூப்பிட வருகிறாள். அதுவும் நடக்காமல் போயிருந்தால், கூடப்பிறந்தவளுக்குத் தான் இருந்தும் இல்லாதவன் என்று ஊரறிய ஆகியிருக்கும். சந்திரம்மாளிடம் சொன்னபோது அவர் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லாததை அவர் கவனிக்கவேயில்லை.

"பாயசம் வெச்சுடறேன். வடையும் போட்டுடறேன்" என்றாள் சந்திரம்மாள். "நீங்க அந்தக் கரி வேஷ்டிய மட்டும் கட்டிக்கினு நிக்காதீங்க."

பேச்சு நின்றுபோன கதை இதுதான்.

அர்ஜுனனுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். மீசை முளைக்கிற வயதில் மெட்ராஸுக்கு லாரி ஏறி, மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு கிளப்பில் பெருக்கித் துடைக்கிற ஆளாகச் சேர்ந்தார். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறவராகி, பிறகு ஸ்பானர் பிடிக்கிறவரானார். எழுபதுகளில், வானத்திலிருந்து பயிருக்கு மருந்தடிக்கிற கம்பெனி ஒன்று அவரைக் கூட்டிக்கொண்டது. திருவண்ணாமலைக்கு வெளியே பாழாய்க் கிடந்த பழைய ஓடுபாதையில் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து, மஞ்சளும் சிவப்புமாய் ஒற்றை ஆள் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்காக அவர் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி வந்துவிட்டார். கல்யாணமும் ஆயிற்று.

தங்கை புருஷன் அப்பாதுரைக்கு அதில் தாங்க முடியாத பெருமை. ஊரில் யார் யாரையோ கூட்டிக்கொண்டு வந்து விமானத்தைக் காட்டுவான். "எம் மச்சான்தான் இதுக்கு டாக்டரு. அவரு நாடி புடிச்சுப் பாத்து ரைட்டுன்னாத்தான் கேப்டனே ஏறுவாரு" என்பான். அர்ஜுனன் காதில் விழாதவர்போல் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

விமானியின் பெயர் சக்கரவர்த்தி. ஆசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தார். விடிந்ததும் ஜீப்பில் வந்து இறங்குவார். அவர் வருவதற்கு முன்பே அர்ஜுனன் இருட்டோடு சைக்கிளில் போய் எஞ்சினை ஓட்டி, சூடாக்கித் தயாராக வைத்திருப்பார். பெரிய மனுஷன் குளிக்க வரும்போது வெந்நீர் விளாவி வைத்திருப்பதுபோல அதை ஒரு மரியாதையாக நினைத்திருந்தார். யாரும் செய்யச் சொன்னதில்லை. கேப்டன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தால் ஒரு குலுக்கல் இருக்காது. "அர்ஜுனன் கை பட்டா எஞ்சின் பூனைக்குட்டிப்பா" என்பார் அவர். அந்த வார்த்தைக்காக இன்னும் இருட்டில்கூட எழுந்திருக்கலாம் என்று தோன்றும்.

அந்த வருஷம் ஆனி மாசம், எஞ்சின் காலையில் இருமத் தொடங்கியது.

முதல் ஸ்டார்ட்டில் நொண்டும், உடம்பெல்லாம் குலுங்கும். ஐந்து நிமிஷம் ஓடியதும் தானே சரியாகிவிடும். கேப்டன் வரும்போது பூனைக்குட்டி. அர்ஜுனனுக்கு அது இன்னதென்று அப்போதே தெரியும். எரிந்த புகையை வெளியே விடுகிற கதவுபோல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வால்வு உண்டு. அதன் தண்டு ஒரு குழலுக்குள் ஏறி இறங்க வேண்டும். பெட்ரோலில் இருக்கிற ஈயமும் தீய்ந்த ஆயிலும் சேர்ந்து அந்தத் தண்டில் கரியாகப் படியும். ராத்திரி எஞ்சின் ஆறும்போது குழல் இறுகி, கரி பிடித்த தண்டைக் கவ்விக்கொள்ளும். காலையில் அந்த வால்வு மூடாமல் திறந்தபடியே நிற்கும். அந்தச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. சூடேறிக் குழல் விரிந்ததும் தண்டை விட்டுவிடும். அப்புறம் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

எந்தச் சிலிண்டர் என்றுகூடப் பார்த்துவிட்டார். நொண்டும்போதே எஞ்சினை நிறுத்தி, ஈரத் துணியால் புகைக்குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். மற்றதெல்லாம் சுர்ரென்றது. ஒன்று மட்டும் சும்மா இருந்தது.

மெட்ராஸ் கிளப்பில் இருந்த மேஸ்திரி இதற்கெல்லாம் வழி சொல்லிக்கொடுத்திருந்தார். ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றணும். பறந்துவிட்டு வந்ததும் கொதிக்கக் கொதிக்க நிறுத்தக் கூடாது. கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு ஆறவைத்து நிறுத்தணும். இருமல் கேட்டால் சூடாக்கி மழுப்பாமல், குழலைக் குடைந்து கரியை எடுக்கணும். மருந்தடிக்கிற விமானமோ இறங்கும், மருந்து ரொப்பும், ஏறும். இடையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கவென்று கொதிப்பிலேயே நிறுத்துவார்கள். அர்ஜுனன் வேண்டாமென்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார், அவ்வளவுதான்.

குடைகிற ரீமர் மெட்ராஸில் இருந்தது. கேட்டால் கம்பெனியில் ஏன் என்பார்கள். விஷயம் தெரிந்தால், விமானத்தையே மெட்ராஸுக்கு எடுத்துவரச் சொல்வார்கள். அவரும் போக வேண்டிவரும். சந்திரம்மாளுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம். ஆனி முடிவதற்குள் வளைகாப்பு வைத்திருந்தார்கள். அது முடியட்டும் என்று இருந்தார். முடிந்தது. ஒரு மழை வரட்டும், கேப்டன் இரண்டு நாள் பறக்காமல் இருப்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். தினமும் சூடேறியதும் சரியாகிவிடுகிற ஒன்றை அவசரமென்று நினைக்க மனசு வரவில்லை.

மழை வந்தது. அதன் பின்னாலேயே கம்பளிப்பூச்சியும் வந்தது. ஆடியில் விதைத்து நாலு இலை விட்டிருந்த வேர்க்கடலை வயல்களில், பொட்டுப் பொட்டாகப் புழு. குட்டியாக இருக்கும்போது மருந்து பட்டால் செத்துவிடும். செம்மயிர் வளர்ந்துவிட்டால் மருந்திலேயே குளிப்பாட்டினாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வயலை முடித்துவிட்டு வரப்பேறி அடுத்த வயலுக்குப் போகும். ஆகவே எந்த ஊருக்கு எந்தக் கிழமை விமானம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அப்பாதுரை ஊருக்கு வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை வந்திருந்தான். "ஊர்ல எல்லாரும் எதுக்கும் இருக்கட்டும்னு பூச்சி மருந்துப் பவுடர் வாங்கித் தூவறாங்க மச்சான். நானும் வாங்கட்டுமா?"

"எதுக்கு? அதான் ப்ளேன் வருது இல்ல? வியாழக்கிழம மேல இருந்து பன்னீர் தெளிக்கிறாப்ல தெளிச்சுட்டுப் போயிடும்."

"அதான் நானும் சொன்னேன். எம் மச்சான் இருக்காரு, நான் எதுக்கு மூக்குல துணிய கட்டிக்கினு தூவணும்னு."

சிரித்துக்கொண்டே போனான். செவ்வாய்க்கிழமை விடியலில், சூடாக்குவதற்காக அர்ஜுனன் எஞ்சினை ஓட்டியபோது உள்ளே ஏதோ இடறியதுபோல ஒரு சத்தம் கேட்டது, நொண்டல் நிற்கவேயில்லை. அன்றைக்குத் தண்டு முழுதாக இறுகிவிட்டது. அதைத் தள்ளித் திறக்கிற கம்பி வில்லாய் வளைந்துபோயிருந்தது. கேப்டன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, கழற்றிப் போட்டிருந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நேத்துகூட நல்லா இருந்ததேப்பா."

"ஆமாங்க" என்றார் அர்ஜுனன்.

ட்ரங்க் கால் போட்டுச் சொல்லி, மெட்ராஸில் தேடி எடுத்து, பஸ்ஸில் பார்சல் போட்டு, கம்பியும் ரீமரும் வந்து சேர்ந்தது சனிக்கிழமை. சிலிண்டரைக் கழற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. பிளக் துவாரம் வழியே கயிற்றைத் திணித்து வால்வைத் தாங்கிப் பிடித்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, குழலுக்குள் ரீமரை விட்டுத் திருகினார். கறுப்பாகத் தூள் உதிர்ந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மூக்குப்பொடி மட்டைக்குள் அடங்கிவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனியில் ரீமரை மட்டும் வரவழைத்திருந்தால், யாரும் எங்கும் போகாமல், ஒரு காலைப் பொழுதில் முடிந்திருக்கும். சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைக்கு அவர் நினைத்தது அதுதான். பிற்பாடும் பெரும்பாலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் அப்பாதுரை ஊருக்கும் போய் மருந்தடித்தது. புழுக்கள் நனைந்துகொண்டே நடந்தன. பவுடர் தூவியவர்களுக்குப் பாதியாவது மிஞ்சியது. அப்பாதுரை வயலில் காம்பு மட்டும் நின்றது. அர்ஜுனன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனபோது, அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். உண்ணாமலை கொஞ்சம் தள்ளி, ரேணுவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் மச்சான் பவுடர் வாங்கல" என்றான் அப்பாதுரை. கத்தவில்லை. கத்தியிருந்தால் அர்ஜுனன் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ.

"மிஷின் மாப்ள அது. எப்போ நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அப்பாதுரை எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதோடு சரி. அந்த வருஷக் கடலையை நம்பி வாங்கியிருந்த கடன் கிணற்று நிலத்தைக் கொண்டுபோனது. அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். தீபத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்தான். உண்ணாமலை களையெடுக்கக் கூலிக்குப் போனாள். ரேணுவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஓரிரு வருஷத்தில் மருந்துக் கம்பெனியும் விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கேப்டன் போகும்போது கையைப் பிடித்துக் குலுக்கி, "எங்க போனாலும் உன்ன மாதிரி எஞ்சினக் காலையில குளிப்பாட்டி விடற ஆள் கிடைக்கமாட்டாம்பா" என்றார். அர்ஜுனன் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

காசி சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் உண்ணாமலை வந்தாள். முன்தலையில் நரை ஓடியிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். அர்ஜுனனின் மகன் வேணு பந்தாடப் போயிருந்தவன் ஓடிவந்து வாசலில் நின்று பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து அவனை அவள் பார்த்ததில்லை.

"அத்த வந்திருக்கேன்டா. இன்னாடா அப்படிப் பாக்கற, உங்கப்பன் மூக்க அப்படியே வெச்சிருக்க" என்று அவன் கன்னத்தை வழித்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "இன்னாண்ணா, எளச்சுட்ட?"

"வயசாவுது இல்ல?"

"அவரு சாப்பாட்டக் கவனிச்சாத்தான உடம்பு ஏறும்?" என்று சந்திரம்மாள் உள்ளிருந்து வந்தாள். "வா உண்ணாமல. வெயில்ல வந்திருக்க, மொதல்ல உக்காரு."

"வெச்சுட்டு உக்கார்றேன் அண்ணி. ரெண்டு பேரும் கெழக்கப் பாத்து நில்லுங்க."

பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மஞ்சள் தடவிய பத்திரிகையை மேலே வைத்து நீட்டினாள். அர்ஜுனனும் சந்திரம்மாளும் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள்.

"மாலை எடுத்துக் குடுக்கறது, மணவறைக்குக் கூட்டிக்கினு வர்றது எல்லாம் நீதாண்ணா. அவரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. மாமன் இல்லாம எம்பொண்ணு மணவறை ஏறக்கூடாதுன்னு."

"மாப்ள சொன்னாரா?"

"அவருதான் சொன்னாரு. பெங்களூர்ல லிப்ட்டு, மிக்சருன்னு மிஷினோடவே பொழங்கறாரு இல்ல? போன தடவ வந்தப்போ அவரே சொல்றாரு. மிஷினு, எப்போ நிக்கும்னு யாருக்குத் தெரியும், அதுக்கு உங்கண்ணன் இன்னா பண்ணுவாரு, நாந்தான் புரியாமப் பேச்ச வுட்டுட்டேன்னு. நீ அன்னிக்கு வரப்புல சொன்ன அதே வார்த்த."

அர்ஜுனன் தாம்பாளத்தை மேஜைமேல் வைத்தார். சரியாக நடுவில் இருக்கிறதா என்று ஒருமுறை நகர்த்தினார்.

"காபி போடறேன்" என்றார்.

"நீயா?" என்று உண்ணாமலை சிரித்தாள்.

"அவருதான்" என்றாள் சந்திரம்மாள். "என்ன ஸ்டவ்வத் தொடவே வுடமாட்டாரு. நான் பத்தவெச்சா அதுக்கு உடம்புக்கு ஆகாதாம். நீ வா, இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காரு."

அடுப்படியில் அவர் ஸ்டவ்வை இழுத்து வைத்து, முள்ளால் குத்தி, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தினார். பால் பாத்திரத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு சுவர்தான். கூடத்துப் பேச்சு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இந்த ஸ்டவ்வுக்குப் பண்ற சேவகத்துல கால்வாசி எனக்குப் பண்ணாப் போதும்" என்று சந்திரம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் வந்த சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு பொங்கி வந்தது. "இப்போ ஸ்டவ்வு. அப்போ ஏரோப்ளேனு. வேணு வயித்துல இருக்கறப்போ எனக்கு மூச்சு வாங்கும். ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளிருக்காது. இருட்டோட சைக்கிள எடுத்துக்கினு ஓடிடுவாரு. எங்கன்னு கேட்டா, ஏரோப்ளேனுக்கு இருமல், கேப்டன் வர்றதுக்குள்ள சூடு காட்டி அடக்கணும்பாரு. பொண்டாட்டிக்கு மூச்சு, அதுக்கு இருமல். எத மொதல்ல பாக்கறது, நீயே சொல்லு."

உண்ணாமலை சிரித்தது கேட்டது. "அது ஒடஞ்சு நின்னுச்சே, அப்பவா அண்ணி?"

அர்ஜுனன் பம்ப்பில் கை வைத்தார். பர்னர் இன்னும் சூடேறவில்லை. எழுந்துபோய் வேறு எதையாவது பேசியிருக்கலாம். சர்க்கரை எங்கே என்று கேட்டிருந்தால்கூடப் போதும். கிண்ணத்தில் எரிகிற தீயை விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதுக்கும் ரொம்ப முன்னாடி. ஆனி மாசம். வளகாப்புக்கு நீ கூட வந்திருந்தியே. எல்லாரும் வளையல் போட உக்காந்திருக்காங்க, இவரு அப்பத்தான் வராரு, கையெல்லாம் கரி. எங்கம்மா கேட்டாங்களே, இன்னா மாப்ள, அடுப்பு ஊதிட்டு வரீங்களான்னு. எல்லாரும் சிரிச்சோமே, ஞாபகம் இல்ல?"

"ஞாபகம் இருக்கு அண்ணி" என்றாள் உண்ணாமலை. "நானும்தான் சிரிச்சேன்."

சந்திரம்மாள் பாயசத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள்.

அர்ஜுனன் பம்ப் அடித்தார். ஸ்டவ் பொருமியது, தும்மியது, மஞ்சளாக ஒருமுறை எழும்பியது. அவர் இன்னும் வேகமாக அடித்தார். நீலம் பிடித்து இரைச்சல் அடுப்படி முழுக்க நிறைந்தது. பால் பாத்திரத்தை ஏற்றினார். வாசற்படியில் நிழல் விழுந்ததும் உண்ணாமலைதான் என்று திரும்பாமலே தெரிந்தது.

உள்ளே வந்தவள் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவில்லை. சுவரோரம் நின்றாள்.

"அண்ணா."

அவர் தீயைக் குறைப்பதுபோல் திருகைத் தொட்டார். குறைக்கவில்லை.

"ஆனியிலயே உனக்குத் தெரியுமா?"

மிஷின் அது என்று ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அதே வார்த்தையை அப்பாதுரை பெங்களூரில் யாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறானோ என்று நினைத்ததும், அது அங்கேயே நின்றுவிட்டது. கையில் ஸ்டவ் முள் இருந்தது. அதன் நுனியைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பவுடர் வாங்க வேணாம்னு நீ சொன்னப்போ தெரியுமாண்ணா?"

ஸ்டவ் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பால் விளிம்பு வரை எழும்பியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், கை எழவில்லை. உண்ணாமலை குனிந்து, முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கிக் கீழே வைத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அவர் முகத்தை இன்னும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுப்படியை விட்டு வெளியே போனாள்.